ரஜியாவின் ரஜாய்க்கு என்ன விலை?

கள்ளக்குறிச்சியில் ரஜியாவைப் போல் ரஜாய் தைக்க ஆள் கிடையாது. அவளைப் போல் ஏமாறவும் ஆள் கிடையாது. தையல்கடை வெட்டுத்துணிகளை வாங்கி ஒட்டுச் சேர்த்து, நடுவில் பஞ்சைப் பரப்பி, கையாலேயே நெருக்கி நெருக்கித் தைப்பாள். போர்த்திக்கொண்டால் மார்கழிக் குளிர் எட்டிக்கூடப் பார்க்காது. விலை கேட்டால் மட்டும், "பாத்துக் குடுங்க" என்பாள். ஜனங்களும் நன்றாகத்தான் பார்த்தார்கள், கொடுக்கத்தான் மறந்தார்கள். பெரியம்மா மகள் அத்தியா இருக்கிறாளே, மளிகை மொத்த வியாபாரியின் மனைவி, அவள் இரண்டு ரஜாய்க்கு ஒரு டப்பா பேரீச்சம்பழம் கொடுத்தாள். நல்ல கூத்து!

புருஷன் கரீம் கோபக்காரன் இல்லை. ஆனாலும் தொண்ணூற்றேழாம் வருஷம் பஞ்சுக்கடைக் கடன் ஏறிப்போகவே, "இந்த ஒண்ணுலயும் கைநஷ்டம்னா வுட்டுடு ரஜியா" என்று சொல்லிவிட்டான். ஊசியை விடுவதா? நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

அந்த ஒன்று, கல்வராயன் மலை மூக்காயி சொல்லிவைத்தது. மருமகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி வந்தவள் ரஜாயை விரித்துப் பார்த்தாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"எவ்ளோ பாயம்மா?"

"பாத்துக் குடுங்கம்மா."

மூக்காயிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ரஜாயை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எங்க புளிய வாங்கற யாவாரியும் இப்பிடித்தான், பாத்துக் குடுக்கறேம்பான். மூட்டைய எறக்கினதும் கால்வாசி காசு. நீயும் அந்தப் பேச்சுதானா? வெல சொல்லு. இல்லாட்டி எனக்கு வாணாம்."

ரஜியாவுக்குச் சுருக்கென்றது. மரியாதை என்று நினைத்துத்தானே இத்தனை வருஷம் அப்படிச் சொன்னாள்!

"ஐநூறுங்க."

"அடி ஆத்தாடி! முந்நூறு வெச்சுக்க."

"பஞ்சும் நூலுமே எரநூத்தம்பது ஆச்சு. ஒரு மாசம் முதுகு ஒடியத் தெச்சிருக்கேன். நானூத்தம்பது குடுங்க, அதுக்குக் கம்மின்னா கட்டாதுங்க."

மூக்காயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாவாம்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே அத்தியா வந்தாள்.

"ரஜியா, மவளுக்கு நிக்காஹ் வெச்சிருக்கு. ஜோடி ரஜாய் தெச்சுக் குடுடீ."

"தெச்சுடலாம்க்கா. ஜோடி ஆயிரம். பாதி இப்பவே குடுத்துடுங்க."

அத்தியா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "யா அல்லா! நமக்குள்ள இன்னாடி காசு?"

"நமக்குள்ளன்றதாலதான்க்கா நூறு கம்மி. தொள்ளாயிரம்."

உள்ளே கரீம் சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினான். ரஜியா சிரிக்கவில்லை. அத்தியா பர்ஸைத் திறக்கும்வரை நீட்டிய கையை அவள் மடக்கவும் இல்லை.