முனியம்மாவின் மூட்டை

அந்த மூட்டையை நான் வேண்டுமென்றேதான் வண்டியின் கூரைமேல் ஏற்றிக் கட்டினேன். கைத்தவறு இல்லை, மறதியும் இல்லை. ஒரு தாய் தன் ஒரே மகனைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம்.

என் மனைவிக்குக்கூட இது தெரியாது. நீங்கள் எனக்கு யாரோ... அதனால்தான் உங்களிடம் வாய் திறக்க முடிகிறது.

யுத்த காலம் அது. சந்தாபுராவிலிருந்து பெங்களூருக்கு ஓடிய சிவப்பு பஸ்ஸில் நான் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காத நாட்கள். வண்டியின் முதுகில் ஆளுயர இரும்பு உலை ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில்தான் எஞ்சினை ஓட்டினோம். உலை சூடேறும்வரை கையால் விசிறியைச் சுற்ற வேண்டும். பிறகு முன்னால் போய் எஞ்சினைக் கிளப்ப இரும்பு ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். சில நாள் அந்த ஹேண்டில் திருப்பி அடிக்கும். அப்படி அடித்ததில் என் இடது புருவம் கிழிந்து, தழும்பு இன்றும் இருக்கிறது.

எங்களுக்குப் போட்டியாக ஒரு பச்சை பஸ் இருந்தது. இரண்டுக்கும் நேரம் காலம் கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும், அவ்வளவுதான். அதனால் வருகிறவர்களை மடக்குவதில்தான் கண்டக்டரின் சாமர்த்தியம். ‘ஆளைப் பிடிக்காதே, மூட்டையைப் பிடி’ என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். மூட்டை கூரைமேல் ஏறி, அதன்மேல் நாலு மூட்டை விழுந்து, கயிறும் கட்டியாகிவிட்டால் ஆள் எங்கே போவான்? அந்த வித்தையில் நான் மகா கெட்டிக்காரன்! அந்தக் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ!

அன்று காலை ஓர் அம்மாள் தலையில் மூட்டையோடு வேகவேகமாக வந்தாள். பெயர் முனியம்மா என்பது பிறகுதான் தெரிந்தது. நேராகப் பச்சை பஸ்ஸைப் பார்த்து நடந்தாள். நான் குறுக்கே பாய்ந்து மூட்டையைத் தலையிலிருந்தே தூக்கிக்கொண்டேன்.

“தம்பி, பத்து மணி ரயிலப் புடிக்கணும்பா. எம் புள்ள பெங்களூரு தண்டு ஸ்டேஷன்லேருந்து சண்டைக்குப் போறான். இதான மொதல்ல போவும்?”

“இதோ கெளம்பிடுச்சிம்மா! ஏறு, ஏறு.”

உலையில் அப்போதுதான் நெருப்பு வைத்திருந்தோம்! எனக்குத் தெரியாதா? தெரியும். பச்சை பஸ்ஸின் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்ததும் தெரியும். முந்தின நாள் அந்த பஸ் கண்டக்டர் என் வண்டிக்கு வந்த ஆட்கள் மூன்று பேரை இழுத்துக்கொண்டு, ஊரே பார்க்க எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டியிருந்தான். அந்த ரோஷம்... வேறு ஒன்றுமே இல்லை. ஒரு நாக்குக்காக இவ்வளவும்!

கால் மணி கழித்துப் பச்சை பஸ் ஹாரன் அடித்தது. முனியம்மா கீழே இறங்கி என்னிடம் ஓடிவந்தாள்.

“மூட்டைய மட்டும் எறக்கிக் குடுத்துடு சாமி. நான் அதுல போயிடறேன். புள்ளைக்கு அதிரசம் சுட்டு வெச்சிருக்கேன். கம்பளி வேற அதுலதான் கீது. வெறுங்கையோட எப்பிடிப் போவேன்?”

எங்கள் டிரைவர் உசேன் பாய்கூட எட்டிப் பார்த்துச் சொன்னார்: “அரே, பாவம்பா! எறக்கிக் குடுத்துடு.”

ஆகவே, பழியை டிரைவர்மேல் போடவும் எனக்கு வழியில்லை.

“அந்த வண்டி ஏத்தத்துல நின்னுடும்மா. நாம முன்னாடி போயிடுவோம், பாரேன்” என்றேன். என்ன துணிச்சல்! அவள் என் முகத்தைப் பார்த்தாள்... நம்பினாள். பச்சை பஸ் போய்விட்டது.

நாங்கள் கிளம்ப மேலும் முக்கால் மணியாயிற்று. ஏற்றத்தில் நின்றது எங்கள் வண்டிதான். ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பெண்கள் இறங்குவது வழக்கமில்லை. முனியம்மா இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளினாள். நான் பக்கத்தில் நின்று தள்ளினேன். அவள் மூச்சு வாங்குவது என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

தண்டு என்று நாங்கள் சொல்லும் கண்டோன்மென்ட் பக்கம் வந்ததும் மூட்டையை அவிழ்த்து என் தலையில் வைத்துக்கொண்டு, அவளோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதுவரை செய்ததற்கு அந்த ஓட்டம் ஈடாகுமா? அப்படித்தான் நினைத்தேனோ என்னவோ...

நாங்கள் பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் கைகள். எல்லாம் காக்கிச் சட்டைக் கைகள். முகம் ஒன்றும் தெரியவில்லை.

“அதோ! அந்தக் கை எம் புள்ளதுதான்! நீ பாத்த இல்ல தம்பி?”

“பாத்தேம்மா. ஒன்னப் பாத்துதான் கைய ஆட்டுனான்” என்றேன்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மூட்டையைப் பிரித்து, “நீயாவது தின்னுப்பா, எனக்காக எம்மாந்தூரம் ஓடியாந்த” என்று இரண்டு அதிரசம் கொடுத்தாள். தின்றேன். ருசியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. கடல் தாண்டி எங்கோ செத்துப்போனதாகச் சில மாதங்களில் சர்க்கார் காகிதம்தான் வந்தது.

அவள் என்னைச் சபித்திருந்தால் தேவலையே! பஸ் நிற்கும் இடத்துக்கு அடிக்கடி வருவாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டுவாள். “இந்தத் தம்பிதான் மூட்டையத் தூக்கிக்கினு எனக்காக ஓடுச்சி. எம் புள்ளையக் கடைசியாப் பாத்ததும் இதுதான். கேளுங்களேன்!” என்பாள். நானும் சொல்வேன். கை ஆட்டினான் என்றேன் முதலில். பிறகு, சிரித்தான் என்றேன். பிறகு, அம்மா என்று கூப்பிட்டான் என்றும் சொல்லிவிட்டேன். “நீ நல்லா இருக்கணும்பா” என்று என் தலையைத் தொடுவாள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன்... அவள் மனம் உடைந்துவிடும் என்று பயந்தேனா, என் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று. ஒருநாள் அவள் படுத்த படுக்கையாகக் கிடப்பதாகவும், என்னைப் பார்க்க வேண்டும் என்றதாகவும் ஓர் ஆள் வந்து சொன்னான். போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம் புள்ள மொகம் மறந்துபோச்சிப்பா. கண்ண மூடுனா வர மாட்டேங்குது. ஒரு போட்டோகூட இல்ல. கடைசியாப் பாத்தவன் நீ... எப்பிடி இருந்தான், சொல்லு.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம், அம்மா, நான் பார்க்கவில்லை என்று. நானோ முகத்தை வருணிக்க ஆரம்பித்தேன்! மாநிறம் என்றேன். அகன்ற நெற்றி என்றேன். அவள் இன்னும் காத்திருந்தாள். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“எடது புருவத்துல ஒரு தழும்பும்மா.”

அவள் நெற்றி சுருங்கியது. பிறகு, “ஆமா... தழும்பு... ஆமா” என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, “வந்துட்டான்” என்றாள். சிரித்தாள்.

மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

அவள் மகனுக்குப் புருவத்தில் தழும்பு இருந்ததா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் போவதும் இல்லை. மகனின் முகத்தோடு போக வேண்டியவளை என் முகத்தோடு அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு நான் கண்ணாடி பார்த்துச் சவரம் செய்வதில்லை. தடவித் தடவியேதான் செய்துகொள்கிறேன். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் விரல் புருவத்தில் பட்டுவிடுகிறது.