சிங்கக்கொடி கட்டிய கப்பல்

யுத்த காலத்தில் பர்மா அரிசி வருவது நின்றதும், நோர்வூட் தேயிலைத் தோட்டத்து இராயப்பன் கொழும்புத் துறைமுகத்துக்குப் போய், 'கிளென்டார்வி' என்ற வெள்ளைக்காரச் சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தார். போகும்போது தேயிலை, வரும்போது இந்தத் தீவுக்குக் கோதுமை மா. ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி, இரண்டு வருஷம் கொதிகலன் முன்னால் கிடந்து வெந்தார். கப்பலில் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, தோட்டத்து லயத்தில் தன் ஒற்றையறைக் காம்பிராவில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டத் தமிழர்கள் மனுப்போட்டுத்தான் இலங்கைப் பிரஜாவுரிமை பெற வேண்டும் என்றானது. 1953இல் பிரஜாவுரிமை விசாரணைக்கு அதைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அதைவிடப் பெரிய அத்தாட்சி வேறென்ன இருக்க முடியும்? அதிகாரி தேதிகளை மட்டும் பார்த்தார்.

"இந்த ரெண்டு வருஷமும் நீ இலங்கையில இல்லையே. தொடர்ந்து இங்க இருந்திருக்கணும், அதான் சட்டம். மனு தள்ளுபடி."

"அந்த ரெண்டு வருஷமும் நீங்க தின்ன பாணுக்கு மாவு கொண்டாந்தது யாருங்க?"

அதிகாரி அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மறு வருஷம் ஹட்டன் சலூனில் முடிவெட்டக் காத்திருந்தபோது, பத்திரிகையில் அதே கப்பலின் படத்தைப் பார்த்தார். கொழும்புக் கம்பெனி ஒன்று அதை வாங்கி, பெயரை மாற்றி, இலங்கைக் கப்பலாகப் பதிந்து, சிங்கக்கொடியும் ஏற்றியிருந்தது.

இராயப்பன் பத்திரிகையைக் கசக்கி எறிந்தார்.

"நான் நோர்வூட் லயத்துல பொறந்தவன். இது சீமையில பொறந்த இரும்பு. ஆயுசு பூரா வெளியிலதானே சுத்துச்சு? இதுகிட்ட எவனாவது தேதி கேட்டானா?"