ஆறு மாத மன்னிப்பு

ஜெயிலிலிருந்து வந்தபிறகு வியாகுலத்துக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு லோடு அடிக்கத் தெரிந்த டிரைவர்கள் கம்மிதான். ஆனாலும் அவன் போய் நின்றால், “இந்த வெட்டுக்கு ஆள் சொல்லிட்டமேப்பா” என்பார்கள்.

ஜெயிலுக்குப் போகும் முன்பு ஒருநாள் குடித்துவிட்டு, பின்விளக்கு இல்லாத டிரெய்லரை இருட்டுகிற நேரத்தில் ரோட்டில் ஓட்டினான். சந்தோஷ் என்கிற இருபத்திரண்டு வயசுப் பையன் பைக்கில் வந்து பின்னால் மோதிச் செத்தான். இது ஊரறிந்த கதை. இன்ஜின் சத்தத்தில் மோதியது காதில் விழவே இல்லை, அதனால்தான் நிற்காமல் போய்விட்டேன் என்று வியாகுலம் கோர்ட்டில் சொன்னான். இரண்டு வருசம் கடலூர் சிறையில் இருந்தான்.

அவன் மனைவி கிரேஸ் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து வீட்டை இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் பிரின்சி பிளஸ் டூ. கள்ளக்குறிச்சியில் ஓர் ஏஜென்ட், வடக்கே குளிர்நாடு ஒன்றில் குடோனில் பெட்டி அடுக்கும் வேலை இருக்கிறது, ஜெயிலுக்குப் போனவனா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்றான். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் வியாகுலம் கிளம்பினான்.

போய் இறங்கிய இடத்தில் குடோன் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். படிக்கத் தெரியாத மொழியில் இருந்த தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பிறகு மொட்டைத் தலைகள் நிறைந்த பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர்கள் யார் என்று வியாகுலத்துக்கு முதல் வேளைச் சாப்பாட்டிலேயே தெரிந்துபோயிற்று. பக்கத்தில் இருப்பவன் பிடுங்காமலிருக்க ஜெயிலில் செய்வதுபோல, ஒவ்வொருவரும் தட்டை இடது கையால் அணைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அவனும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அது கைதிகளின் படை. ஆறு மாதம் முன்வரிசையில் உயிரோடு இருந்தால் தண்டனை ரத்து, குற்றம் ஏட்டிலிருந்தே அழிக்கப்படும். அந்த நாட்டு அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது. வியாகுலத்துக்கு அங்கே அழிக்க வேண்டிய குற்றம் எதுவும் இல்லை. ஆனாலும் துப்பாக்கி கொடுத்தார்கள்.

“குளிரு ஜாஸ்தியாங்க? வேல இன்னா மாரி?” என்று போனில் கிரேஸ் கேட்டாள்.

“பொட்டி அடுக்கறதுதான். கஷ்டம் இல்ல” என்றான். அதன்பிறகு போனையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவன் பார்த்த சண்டை, இன்னும் ஆயிரம் வருசம் கழித்து நடக்க வேண்டியதுபோல இருந்தது. எதிரி என்று ஒரு முகத்தையும் அவன் கண்டதில்லை. குண்டையும் தண்ணீரையும் ஆளில்லாத வண்டி ஒன்று தானாக உருண்டு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். தலைக்கு மேலே எந்த நேரமும் ட்ரோன்கள். தூரத்திலிருந்து ஓட்டுவதற்காக அவை பின்னால் இழுத்துவந்த கண்ணாடி இழைகள் தூண்டில் நரம்புபோல வயல் முழுக்கக் கிடந்து காலில் சிக்கின. ஊரில் கோமுகி அணைப் பாசன வயல்களில் மருந்தடிக்க முதன்முதலாக ட்ரோன் வந்தபோது பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் வேடிக்கை பார்த்தவன். இங்கே அதே சத்தம் கேட்டால் மூத்திரம் போய்விடும்.

பதுங்குகுழியில் அவனோடு இருந்தவன் ஒரு ரொட்டிக்காரன். சிறைக்கு முன்பு ரொட்டி சுட்டவன் என்பதால் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதிகாரிக்குத் தெரியாமல் ஒரு போன் வைத்திருந்தான். அவன் மொழியில் பேசினால் அது தமிழில் சொல்லும். செய்தி வாசிக்கும் பெண் குரல்.

“நீ யாரைக் கொன்றாய்?” என்று ஒருநாள் அந்தக் குரல் கேட்டது.

“வேலைக்கி வந்தவன் நானு” என்றான் வியாகுலம்.

ரொட்டிக்காரன் சிரித்தான். பிறகு போனில் பேசினான். “நான் என் தம்பியைக் கொன்றேன். இருவரும் குடித்திருந்தோம். நீயும் தட்டை அணைத்துக்கொண்டு சாப்பிடுகிறாய்.”

கோர்ட்டிலும் கிரேஸிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லாததை வியாகுலம் அந்தப் போனிடம் சொன்னான். மோதிய சத்தம் காதில் விழுந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிப் பின்னால் போனான். பையன் உயிரோடு இருந்தான். “அண்ணே, தண்ணி” என்றான். டிராக்டர் சீட்டுக்கடியில் பாட்டில் இருந்தது. குடித்திருக்கிறோம், மாட்டிக்கொள்வோம் என்கிற பயத்தில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

போன் பேசி முடித்ததும் ரொட்டிக்காரன் கேட்டான்.

“அவன் தகப்பனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“என் நாடு என் குற்றத்தை அழித்துவிடும். என் அம்மா அழிக்க மாட்டாள். ஆனாலும் நான் முதலில் அவளிடம்தான் போவேன்.”

ரொட்டிக்காரனின் ஆறு மாதத்துக்கு நான்கு நாள் பாக்கி இருந்தபோது, திறந்த வயலைக் கடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. பாதி தூரத்தில் ரொட்டிக்காரன் அடிபட்டு விழுந்தான். மற்றவர்கள் பள்ளத்துக்குள் திரும்பிப் பதுங்கினார்கள். யாரும் போகக் கூடாது என்று அதிகாரி கத்தினார். வயலில் அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன சொல்கிறான் என்பது வியாகுலத்துக்குப் புரியவில்லை. எழுந்து போனான்.

சட்டைக் காலரைப் பிடித்து நாற்பதடி இழுத்திருப்பான். ட்ரோன் தாழ வந்து, கொஞ்ச நேரம் அசையாமல் நின்று பார்த்தது. அப்புறம் வெடித்தது. ரொட்டிக்காரன் அங்கேயே முடிந்துபோனான். வியாகுலத்துக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செத்தவன் பெயருக்கு மன்னிப்புச் சீட்டு எழுதினார்களா என்று கடைசிவரை அவனுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வீட்டுக்குப் பேசினான். அன்றுமுதல் கிரேஸும் பிரின்சியும் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீஸில் மனுவோடு நின்றார்கள். எட்டு மாதம் கழித்து ஊர் வந்தான். பேப்பரில் படம் வந்தது. மாதாகோயிலில் சால்வை போட்டார்கள். முன்பு பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களெல்லாம் வந்து கையைப் பிடித்தார்கள். அந்தச் சால்வையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் காலையில் கட்டைக்காலோடு சந்தோஷின் அப்பா ராமசாமி வீட்டுக்குப் போனான். அவர் களத்தில் மரவள்ளி மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“பேப்பர்ல பாத்தேன்” என்றார், நிமிராமல். “எவனையோ காப்பாத்தப் போனியாமே.”

“அவரு செத்துட்டாருங்க.”

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சத்தம் கேட்டது, இறங்கிப் போனது, பையன் தண்ணீர் கேட்டது. கோணி ஊசி பாதித் தையலில் நின்றது.

“எம்மா நேரம் உசுரோட இருந்திருப்பான்?”

“தெரியலிங்க.”

“அடிபட்ட நிமிசமே போய்ட்டான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. அத்த நெனச்சிக்கினுதான் எம்பொண்டாட்டி அஞ்சு வருசமா சோறு துன்றா.” ராமசாமி குரலை உயர்த்தவில்லை. “உன் நெஞ்சுல கெடந்தத எடுத்து என் நெஞ்சுல வெச்சிட்டுப் போலாம்னு வந்தியா?”

உள்ளேயிருந்து அவர் மனைவி கமலா வந்தாள். அவனைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இவன் எதுக்கு வந்தான்?”

“மன்னிப்புக் கேக்க” என்றார் ராமசாமி அவசரமாக.

“கேட்டுட்டான் இல்ல, போவச் சொல்லு.”

இப்போது வியாகுலம் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் உட்கார்ந்த வாக்கில் வேலை செய்கிறான். அடுத்த மாதமே ராமசாமி மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். டியூபைத் தண்ணீரில் முக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஓட்டை எங்கேயும் இல்லை. கடையில் வேறு ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு அவர் கேட்டார்.

“வேற எதனா சொன்னானா?”

“இல்லிங்க. அவ்ளோதான்.”

பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். கண் திறந்திருந்ததா? கை அசைந்ததா? மகனின் கடைசி நேரத்தைப் பார்த்தவன் உலகத்தில் இவன் ஒருத்தன்தான். வியாகுலம் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறான். கேட்டுவிட்டு ராமசாமி வண்டியைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்துபோய், பிறகு ஏறிக்கொள்கிறார்.

போன வாரம் வந்தவர், “நீ பாத்தப்பவே மொகத்துல அடி இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இருந்துச்சுங்க” என்றான் வியாகுலம்.