தலை வளர்ந்தால் போதும்

எஸ்னாத் காலுவா அளவு நாடாவைக் குழந்தையின் புருவத்துக்கு மேலே சுற்றி, பின்மண்டை மேட்டில் ஏற்றி இறுக்கி, "நாப்பத்திமூணு புள்ளி ஆறு! எழுது பட்டதாரி!" என்று கத்துகிறார். நான் ஓர் அடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏரியில் வலை இழுப்பவர்களுக்கும் கேட்கும். குழந்தைகளின் வளர்ச்சியை அளக்கும் இந்த ஆய்வு நிலையத்தில் அந்த அம்மா சேர்ந்து இருபத்துநான்கு வருடம். எந்த எண்ணையும் மெதுவாகச் சொன்னதில்லை. "புள்ளையோட அளவுல என்னடா ரகசியம்? பெத்தவ காதுல விழ வேணாமா?"

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையிலும் அவருக்குப் பங்கு உண்டு. "இந்த நாடா சுத்தின தலை. பட்டம் வாங்காம எங்க போகும்?"

அவர் போடும் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை. "மூளைக்கு ரெண்டு, நாக்குக்கு ஒண்ணு." மூளையின் உணவு சர்க்கரை என்று என்றோ பயிற்சி வகுப்பில் கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டவர். ஓட்டுநர் கம்வெண்டோ கோப்பையை நீட்டினால் மட்டும் கை சுருங்கும். அவர் வயிறு ஸ்டியரிங்கைத் தொடும். "உனக்கு எதுக்குய்யா? சக்கர வியாதி உன் வீட்டு அட்ரஸ் விசாரிச்சிட்டிருக்கு."

"வரட்டும் அக்கா. வந்தா உங்க டீயக் குடுத்து உக்கார வைக்கிறேன்."

மலாவியில் பஞ்ச வருஷம் என்றால் எந்த வருஷம் என்று யாரும் கேட்பதில்லை. மக்காச்சோளத் தவிட்டைக் கஞ்சியாக்கிக் குடித்த அந்த மாதங்களில்தான் எஸ்னாத்துக்கு மகன் பிறந்தான். மசாவுகோ, அதாவது துன்பம், என்றே பெயர் வைத்தார். நீளம் அளக்கும் மரப்பலகை சவப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று தாய்மார்கள் பிள்ளையைக் கிடத்த மறுத்தார்கள். எஸ்னாத் தன் மகனை முதலில் கிடத்திக் காட்டினார். கை குச்சி, கால் குச்சி. தலை மட்டும் மாதம் தவறாமல் வளர்ச்சி அட்டையின் கோட்டிலேயே ஏறியது. அன்று அவர் வாயில் பிறந்த வாக்கியம்தான் இன்றுவரை எல்லாத் தாய்மார்களுக்கும்: "தல வளந்தா போதும்டி. உடம்பு பின்னாடி வரும்."

மசாவுகோ இப்போது கணக்கு வாத்தியார். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருவான். சில மாதங்களாக வந்ததும் பானைத் தண்ணீரில் பாதியைக் குடிப்பான். கொல்லைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடப்பான். சட்டை தோளில் தொங்கியது. அக்கம்பக்கத்தார் வேறு ஏதோ நோயின் பெயரை வாய்க்குள் சொன்னார்கள். எஸ்னாத் அவன் கோப்பையில் நாலாவது கரண்டி சேர்த்தார். "புள்ள மூளைய வச்சு உழைக்குறான். அதான் எளச்சுப் போறான்."

போன செவ்வாய் நிலையத்தில் புதுப் பரிசோதனை தொடங்கியது: பஞ்ச வருஷத்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் இரத்தச் சர்க்கரை பார்ப்பது. மற்றவர்கள் கூச்சம் விடட்டும் என்று எஸ்னாத் மறுபடியும் தன் மகனையே முதலில் உட்கார வைத்தார். விரலில் குத்தினார். கருவி எண்ணே காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று சொல்லும் 'HI' என்ற இரண்டு எழுத்துகளைக் காட்டியது.

"மிஷின் கெட்டுப்போச்சு" என்றார். கம்வெண்டோவை இழுத்து அவர் விரலில் குத்தினார். ஐந்து புள்ளி நான்கு. நோயில்லாதவரின் அளவு. கம்வெண்டோ தன் வயிற்றைப் பார்த்தார், மசாவுகோவின் விலா எலும்பைப் பார்த்தார். மகன் விரலில் மறுபடி குத்தினார்கள். அதே இரண்டு எழுத்து.

இந்தப் பரிசோதனை ஏன் என்று விளக்கும் தாளைத் தட்டச்சு செய்தவன் நானே. பசிக்கும் சிசுவின் உடம்பு கிடைப்பதை முதலில் மூளைக்கு ஊட்டுகிறது. கணையம் போன்றவற்றுக்கு மிச்சம்தான். அப்படி வளர்ந்தவர்கள் சிலருக்கு, ஒல்லியாக இருந்தாலும், பின்னாளில் சர்க்கரை நோய் வரலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எழுத்துப்பிழை பார்த்தேன். எந்த வீட்டைப் பற்றியது என்று பார்க்கவில்லை.

நிலைய மருத்துவர் ஓடி வந்தார். "உடனே இன்சுலின் போடணும். சோம்பா ஆஸ்பத்திரிக்குக் கெளப்புங்க. சாயங்காலம்வரை விட்டா மயக்கமாயிடுவார்."

"நாளைக்குப் பசங்களுக்குப் பரீட்ச இருக்கு" என்றான் மசாவுகோ. அவன் மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை. "எனக்குத் தல தெளிவாத்தாம்மா இருக்கு."

"தெரியும்டா" என்றார் எஸ்னாத். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "அது தெளிவாத்தான் இருக்கும்."

கம்வெண்டோ வண்டியைக் கிளப்பினார். படிவப் பலகையோடு நானும் பின்னால் ஏறினேன். பரிசோதித்த ஆளின் எடை, கைச்சுற்றளவு எல்லாம் அன்றே பதிய வேண்டும் என்பது விதி. குலுங்கும் வண்டியில் எஸ்னாத் கழுத்திலிருந்து நாடாவை எடுத்தார். பழக்கத்தில் அது மகனின் நெற்றிவரை போனது. அங்கே நின்று, கீழே இறங்கி, அவன் மேல்கையைச் சுற்றியது. இறுக்கினார். இறுக்க இறுக்க நாடா உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

நான் பேனாவைத் திறந்து காத்திருந்தேன்.

எஸ்னாத் என்னைப் பார்த்தார். பிறகு, எண் விழுந்த இடத்தைத் தன் கட்டைவிரலால் மூடிக்கொண்டார்.