தவராசா அங்கிள் எடுக்காத மீன்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தவராசா அங்கிளைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத, என்னைவிட அதிகம் பழகியவர்கள் பலர் இருக்கிறீர்கள். நம் பள்ளி ஆசிரியர் அறையில் நான் வாய் திறந்ததே குறைவு. எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

செய்தி வந்தபோது வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் வட்ஸ்அப் குழுவில், வகுப்பறை மாற்றம் பற்றிய இரண்டு தகவல்களுக்கு நடுவே, அங்கிள் காலமாகிவிட்டார் என்று ஒரு வரி. செப்டெம்பர் நடுப்பகுதி. ஆற்றில் ட்ரவுட் மீன் பிடிக்கும் பருவம் மாதக் கடைசியோடு முடிந்துவிடும். இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த நிலையத்தில் இறங்கி, மேடையில் முன்னும் பின்னும் நடந்தேன். ஏன் இறங்கினேன் என்று தெரியவில்லை.

பள்ளியின் நேர அட்டவணையும் சாவிக்கொத்தும் அவரிடம்தான் இருந்தன. ஹரோவிலிருந்து மெட்ரோபொலிட்டன் ரயிலில் செஸ் ஆற்றுக்குப் போய் மீன் பிடிப்பார், பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவார். "அண்ணை மீனிட்டச் சுகம் விசாரிச்சிட்டு வாறார்" என்பார் சங்கீத ரீச்சர்.

எங்கள் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். சில வருடங்களுக்கு முன்பு, பட்டம் வாங்கி ஒரு வருடமாகியும் வேலை இல்லை. வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனாலேயே வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் பள்ளிக் கதவைப் பூட்டும்போது, நாளைக்கு நானும் ஆற்றுக்கு வரலாமா என்று கேட்டேன்.

"வாரும், ஆரணி. ஆனா அங்க கதைக்கக்கூடாது."

என்னைக் கதைக்கச் சொல்லாத முதல் மனிதர் அவர்.

மீன் பிடிப்பவர்கள் பொறுமைசாலிகள் என்று நினைத்திருந்தேன். அவர் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் நிற்கமாட்டார். நெஞ்சுவரை ஏறும் றப்பர் கால்சட்டையோடு ஆற்றுக்குள் மேலே நடப்பார்; இறகால் கட்டிய சின்ன ஈயைத் தண்ணீர் மேல் எறிவார், எடுப்பார், மறுபடி எறிவார். "புழு போடுறவை குந்தியிருப்பினம், பிள்ளை. எனக்கு அது ஏலாது. அதுதான் ஈ எறியிறன்." கரையில் நானும் அவரோடு நடந்தேன். மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்ததைக் கால்கள் எடுத்துக்கொண்டன.

அந்த வருடச் செப்டெம்பரின் கடைசி நாள். மேகம் மூடியிருந்தது; அப்படியான நாளில்தான் மீன் நன்றாகக் கடிக்கும் என்பார். வலைக்குள் ஒரு பெரிய மண்ணிற ட்ரவுட் கிடந்தது. படம் எடுக்கக் கைப்பேசி வேண்டும், அது தூரத்தில் கழற்றிவைத்த கோட்டுக்குள் இருக்கிறது என்று, வலையை என் கையில் தந்துவிட்டு அவர் கரையேறினார். வலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். மீன் சரிந்தது. பிறகு அசையவில்லை. செத்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் மீனை வீணாக்குவதில்லை; அம்மாவின் சொதிதான் நினைவுக்கு வந்தது. அவருடைய மனைவி வசந்தி அன்ரி மதியச் சாப்பாட்டுக்குப் பாண் கட்டித் தந்த பையைக் காலியாக்கி, மீனை அதற்குள் சுற்றி, அவருடைய தோள்பைக்குள் வைத்தேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன்.

அவர் வந்து வெறும் வலையைப் பார்த்தார். நான் பையைக் காட்டினேன். திறந்து, மீனின் செவுளில் விரல் வைத்துப் பார்த்தார்.

"அது களைச்சுப் படுத்திருந்தது, பிள்ளை."

அதற்குள், அங்கே மீன் பிடிக்க அனுமதி கொடுக்கும் கழகத்தின் காவலர் வந்துவிட்டார். அந்த ஆற்றில் ஒரு மீனையும் எடுக்கக்கூடாது. யார் எடுத்தது என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அங்கிள் தான்தான் என்றார். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த அனுமதி அன்றே போயிற்று.

திரும்பும் ரயிலில் நான் அழுதேன். "நீர் வாய் திறக்கிறதுக்குள்ள அடுத்த சீசன் வந்திடும். அதுதான் நானே சொன்னனான்" என்றார். அந்த மீன் கடித்த ஈயை என் பையின் வாரில் குத்திவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் அறையில் அவரே கதையைத் தொடங்கினார். "ஆசை விடேல்லை" என்று சிரித்தார். பிறகு அது உங்கள் கதையாகிவிட்டது: பாண் பைக்குள் ட்ரவுட்டை ஒளித்து அகப்பட்ட தவராசா அண்ணை. ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் மீன் பெருத்தது. நான் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். செப்டெம்பரில் மேகம் மூடினால் அவர் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். நீங்கள் நேர அட்டவணையை யோசிக்கிறார் என்று நினைத்திருப்பீர்கள்.

போன கிழமை அந்தக் கழகத்துக்கு உண்மையை எழுதினேன். பதில் வரவில்லை. ஈ இன்னும் என் பையின் வாரில் இருக்கிறது. அதோடுதான் வேலைக்குப் போகிறேன். மேகம் மூடினால் எனக்கும் இருப்புக்கொள்வதில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டில் யாராவது அந்தக் கதையை எடுப்பீர்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வசந்தி அன்ரிக்கும் அதைக் கேட்டுச் சிரிக்க வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன். பாண் பை வரும் இடத்தில், அதற்குள் மீனை வைத்தது ஆரணி என்று சொல்லுங்கள்.