கீழ் வீட்டுக்குப் போன மிச்சம்

என் மனைவி இருபத்தாறு வருடம் மீட்டர் ரீடிங் எடுத்தாள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு. எந்த வீட்டு மீட்டர் செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது, எந்த வீட்டு நாய்க்குக் குடையைக் கண்டால் ஆகாது, எந்த வீட்டில் குரல் கொடுத்தும் கதவு திறக்காமல் ஜன்னல் திரை மட்டும் அசையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எங்கள் கட்டடத்தில் அவளுக்கு யூனிட்டம்மா என்று பெயர். கேலியாக ஆரம்பித்து, கடைசியில் பால் கொண்டு வருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவள் போய் மூன்று மாதம் ஆகிறது. இரங்கல் கூட்டத்தில் அவளுடைய அலுவலகத்தார் நேரம் தவறாதவர் என்று சொன்னார்கள். தவறமாட்டாள்தான். ஆனால் அவளைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால் நான் ஒரு பத்து நாளைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

கட்டடம் பழையது. பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தெருவிலிருந்து ஒரே கேபிள், ஒரே மெயின் ஃபியூஸ். மாலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்கு எரியும். ஏழே காலுக்கு ஃபியூஸ் போகும். லைன்மேன் வந்து போட ஒரு மணி நேரமாவது ஆகும். இருட்டில் மேல் மாடியிலிருந்து யாராவது "மணி ஏழே கால்!" என்று அறிவிப்பார்கள். எல்லோரும் சிரிப்போம். அந்த அளவுக்குப் பழகியிருந்தோம்.

தரைத்தளத்தில் இருந்த தையல்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவிக்கு நுரையீரல் கெட்டு, ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். இனிமேல் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் முடியாது. மெஷினை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் கரண்ட் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்து நாளில் அதற்கு வழி செய்யாவிட்டால், ஊருக்கு வெளியே நாள்பட்ட நோயாளிகளுக்கான வார்டுக்கு மாற்றிவிடுவார்கள். பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாரத்துக்கு ஒரு நாள்தான் பார்க்க விடுவார்கள்.

"அக்கா, புது கேபிளுக்கு எழுதிப் போட்டா எவ்வளவு நாள் ஆகும்?" என்று படிக்கட்டில் என் மனைவியை நிறுத்திக் கேட்டார்.

"ஆறு மாசம். நானே போய் உட்கார்ந்தா அஞ்சு."

"எனக்குப் பத்து நாள்தான் இருக்குக்கா."

அவள் படியேறினாள். மேலே வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் ஹாலின் நடுவில் நின்று கூரையைப் பார்த்தாள்.

"ஏங்க, நம்ம வீட்டுல எத்தனை பல்பு?"

"அஞ்சு."

"ஆறு. பாத்ரூம் பல்பை நீங்க எப்பவுமே மறந்துடுவீங்க. அணைக்கறதுக்கும்தான்."

கட்டடம் முழுவதும் அப்போது குண்டு பல்புகள்தான், அறுபது வாட். அன்று மாலையே ஒவ்வொரு வீடாக ஏறி எண்ணிக்கொண்டு வந்தாள். எழுபத்திரண்டு. அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தாள்.

"பல்புங்க மட்டுமே நாலாயிரத்து முந்நூறு வாட் இழுக்குது. ஒன்பது வாட் எல்.ஈ.டி.க்கு மாத்தினா அறுநூத்தம்பதுல முடிஞ்சிடும். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி எல்லாம் அப்படியே ஓடட்டும். அந்த மெஷினுக்கு வேண்டியது முந்நூத்தம்பதுதான்."

"பாதி விளக்கை அணைச்சு வைங்கன்னு சொன்னா போதாதா?"

"ரெண்டு நாள் அணைப்பாங்க. மூணாவது நாள் மறந்துடுவாங்க. மறந்தாலும் ஃபியூஸ் போகக் கூடாது. அதுதான் வேணும்."

ஒரு அறிவிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுத்து வேலை என்றால் என் பக்கம் தள்ளிவிடுவாள். பெரிய தாளில் எழுதி, கீழே மீட்டர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கடைசி வரி கவர்ச்சியாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது: "மிச்சமாகும் மின்சாரம் உங்களுடையதே."

அறிவிப்பைப் படித்து யாரும் பல்பு வாங்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் அவள் தினமும் ஒன்றிரண்டு கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டு ஃபோட்டோ ஸ்டுடியோக்காரர், கடையை மூடிவிட்டு வீட்டில் இருந்தவர், ஒரே போடாகப் போட்டார்.

"ஒன்பது வாட்டா? எறும்பு உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்."

"வாட்டுங்கிறது பல்பு திங்கிற சோறு சார். வெளிச்சம்தான் அது செய்யற வேலை. குண்டு பல்பு இருக்கே, நல்லா தின்னுட்டு சூடா உட்கார்ந்திருக்கும். வேலை கொஞ்சம்தான்."

"யாரைச் சொல்றீங்க?"

"சரியாத்தான் சொல்றாங்க!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

அவருடைய உண்மையான குறை வேறு. வெள்ளை வெளிச்சத்தில் மனித முகம் பிணம் மாதிரி இருக்கிறதாம். மறுநாள் மஞ்சள் ஒளி தரும் எல்.ஈ.டி.யைத் தேடி வாங்கிவந்து, அவர் நாற்காலிக்கு மேலேயே மாட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தைப் பார்த்தார். அந்த வாரமே ஆறும் மாறின.

நம்பாதவர்களைக் கீழே மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள். எங்கள் மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. ஒரு யூனிட்டுக்கு மூவாயிரத்து இருநூறு தடவை சிமிட்டும். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து, ஆறு குண்டு பல்பை மட்டும் எரியவிட்டு ஒரு நிமிடம் எண்ணச் சொல்வாள். பத்தொன்பது. பிறகு அதே இடங்களில் ஆறு எல்.ஈ.டி. மூன்று. மூன்றாவது மாடி கேஷியர் மட்டும் நான்கு தடவை எண்ணிப் பார்த்தார். "நோட்டு எண்ணற ஆளு, சும்மா விடுவாரா?" என்று அவள் வந்து என்னிடம் சொன்னாள். அவர்தான் கடைசி வீடு.

எட்டாம் நாள், பன்னிரண்டு வீடும் முடிந்தது. மெஷினும் வந்துவிட்டது. காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதை வைத்து ஓடவிட்டோம். வழக்கம்போல எல்லாவற்றையும் போடுங்கள் என்று எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தாள். தையல்காரர் கட்டிலின் ஓரத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏழே கால் தாண்டியது. ஏழு இருபது. தையல்காரர் சிரிக்க வாயைத் திறந்தார்.

இருட்டு.

மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கரண்ட் நின்றால் அப்படித்தான் கத்துமாம். தையல்காரர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

என் மனைவி டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினாள். நான் பின்னால் ஓடினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வி: "புதுசா என்ன வாங்கினீங்க?" இரண்டாவது மாடியில் ஒரு கரண்ட் அடுப்பு. கேஷியர் வீட்டில் சுடுதண்ணி ஹீட்டர். அட்டைப்பெட்டிகூட இன்னும் வாசலில் கிடந்தது.

"நான் மட்டும்தானே வாங்கறேன்னு நினைச்சேன்" என்றாள் அடுப்புக்காரம்மா.

கேஷியர் விட்டுக்கொடுக்கவில்லை. "நீங்கதானே மேடம் எழுதி ஒட்டியிருக்கீங்க, மிச்சம் எங்களுதுன்னு? எங்க மிச்சத்துல நாங்க ஹீட்டர் போடறோம்."

அவள் திரும்பி டார்ச்சை என் முகத்தில் அடித்தாள். "எழுதினவர் இதோ இருக்கார்." பிறகு கேஷியரிடம், "உங்க வீட்டு மிச்சம் எவ்வளவு?"

"முந்நூறு வாட்."

"ஹீட்டர்?"

"ரெண்டாயிரம்."

"உங்க பேங்க்ல இப்படி எடுக்க விடுவாங்களா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்: "அப்போ எங்க மிச்சம் எங்கதான் போச்சு?"

"வாங்க, காட்டறேன்."

மூன்று மாடியையும் இறக்கிக் கூட்டிவந்தாள். தையல்காரர் வீட்டு வாசலில் நிறுத்தினாள். உள்ளே இருட்டில் மெஷின் நிறுத்தாமல் கத்திக்கொண்டிருந்தது. காலிக் கட்டிலின் மேல் டார்ச்சைப் பிடித்தாள்.

"கத்திக்கிட்டிருக்கே, அதுதான். ஃபியூஸைக் காப்பாத்தினது போக, பன்னிரண்டு வீட்டு மிச்சமும் சேர்ந்து இங்க வந்தாச்சு. மேல யாருக்கும் பாக்கி இல்லை."

கேஷியர் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். "காலைல குளிக்கும்போது போட்டுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தாராளமா. விடிஞ்சப்புறம் விளக்கு எதுவும் எரியாது. சாயங்காலம் மட்டும் வேண்டாம்."

அடுப்புக்காரம்மாவும் அப்படியே ஒப்புக்கொண்டாள். லைன்மேன் வந்து ஃபியூஸ் போட்டதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "இருக்கறதே ரெண்டு நாள். எல்லாத்தையும் திரும்பப் போடச் சொல்லுங்க" என்றாள். கடைசி மாடிவரை நானே ஏறிச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று ஃபியூஸ் தாங்கியது. மறுநாளும் தாங்கியது. பத்தாம் நாள் தையல்காரர் மனைவி வீட்டுக்கு வந்தாள். அறிவிப்பின் கடைசி வரியில் "உங்களுடையதே" என்பதை அடித்துவிட்டு, "கீழ் வீட்டுக்கு" என்று என் மனைவி என்னையே திருத்தி எழுதவைத்தாள்.

அது நான்கு வருடத்துக்கு முன்னால். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், இரண்டு வீடுகளுக்கு நடுவில், தெருவில் அவள் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மாலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அவள் ரீடிங் எடுத்த தெருக்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பன்னிரண்டு வீட்டிலும் கதவு திறந்து, எல்லா விளக்கும் எரிந்தது. தையல்காரர் மனைவி மேலே வரப் பார்த்தாள். ஆக்சிஜன் குழாய் மூன்றாவது படி வரைதான் எட்டியது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

என்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஏழே கால். விளக்கு எதுவும் சிமிட்டவில்லை. கீழிருந்து மெஷினின் சீரான சத்தம் வந்துகொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கேஷியர் என் பக்கத்தில் வந்தார். ஆறுதல் சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். குனிந்து என் காதோடு சொன்னார்:

"ஹீட்டர் ஒயரைக் கழற்றி வெச்சுட்டேன் சார். விருந்தாளி யாராவது தெரியாம போட்டுடப் போறாங்க."