ஏன் ஓடவில்லை என்று சொல்லாத பம்ப்

"மேடம், ஏழாம் நம்பர் பம்ப் ஸ்டார்ட் குடுத்தா ஓட மாட்டேங்குது. இன்னான்னு உள்ள பாக்கலாம்னா பாஸ்வேர்ட் கேக்குது."

போனில் ஏழுமலை. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், கார் பாகங்களைக் கழுவிப் பெயிண்ட் அடிக்கிற ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். நான் படாளத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த லைனின் மெஷின்களை ஓட்டி நிறுத்தும் கம்ப்யூட்டரான பி.எல்.சி.க்கு ப்ரோக்ராம் எழுதியது நான். ஒரே ப்ரோக்ராமைப் பன்னிரண்டு பம்புக்கும் காப்பி அடித்து, பதினொன்றில் திருத்தி ஒன்றில் மறந்துபோகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால் ‘பம்ப்’ என்று ஒரே ஒரு பிளாக், அச்சு மாதிரி ஒரு ப்ரோக்ராம் துண்டு, எழுதி அதிலிருந்தே பன்னிரண்டையும் உண்டாக்கினேன். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் டிசைன். உள்விவகாரம் வெளியே தெரியக்கூடாது என்பது அதன் பாடம். நான் ஒரு படி மேலே போய் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியும் விட்டேன். யாராவது கை வைத்துக் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம். கொஞ்சம் திமிரும்தான்.

"பாஸ்வேர்டெல்லாம் போன்ல சொல்ல முடியாது. வந்துகிட்டே இருக்கேன், எதையும் தொடாதீங்க."

"மேனேஜர் தலமேல நின்னுகினு கீறாரு மேடம்."

கட் செய்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்தால் பம்பின் ரப்பர் சீல் கருகிய நாற்றம். ஏழுமலை ஒயரை நேராகக் கொடுத்து, என் ப்ரோக்ராமைத் தாண்டி பம்பை ஓட்டியிருந்தார். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்ப் சூடேறிக் கருகிவிடும்; டேங்கில் தண்ணீரே இல்லை. டேங்குக்குத் தண்ணீர் வரும் வால்வை யாரோ மூடியிருந்தார்கள். என் பிளாக் சரியாகத்தான் தடுத்திருக்கிறது. ஏன் தடுக்கிறது என்பதைத்தான் யாருக்கும் சொல்லவில்லை. அவர் மேல் எரிச்சல், மேனேஜர் மேல் எரிச்சல், எல்லோரையும்விட என் மேல்.

மேனேஜர் ரிப்போர்ட் ஃபாரத்தை நீட்டினார். "எலக்ட்ரீஷியன் தப்புன்னு எழுதிக் குடுங்க மேடம். இன்னியோட அவன வூட்டுக்கு அனுப்பிடறேன்."

"அவர் என்னைக் கேட்டாரு சார். நான்தான் பாஸ்வேர்ட் குடுக்கல."

"அத்தெல்லாம் எதுக்கு எழுதிகினு?"

எழுதினேன். அங்கே எனக்கு அடுத்த ஆர்டர் சந்தேகம்தான் என்று தெரிந்தே, தப்பு என் மேலும்தான் என்று எழுதினேன். ஏழுமலையின் வேலை தப்பித்தது.

அன்றே பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். பிளாக்கில் ‘ஏன் ஓடவில்லை’ என்று ஓர் அவுட்புட் சேர்த்தேன். ஒரே இடத்தில்தான் திருத்தினேன், பன்னிரண்டு பம்பும் ஸ்கிரீனில் காரணம் சொல்லத் தொடங்கின. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: எப்படிச் செய்கிறது என்பதை மறையுங்கள். ஏன் செய்யவில்லை என்பதை மறைக்காதீர்கள்.

அடுத்த வாரம் மறுபடி போன். "மேடம், ஏழாம் நம்பர் பம்ப் ஓடல."

"இப்ப என்ன?"

"டேங்க்ல தண்ணி இல்லன்னு ஸ்கிரீன்ல வந்துச்சு. வால்வத் தொறந்து வுட்டேன், ஓடிகினு கீது. சும்மா சொல்லலாம்னுதான் மேடம்."